பரணிலிருந்து இறங்கியவள்

வாரத்தில் ஆறு நாள் பானுப்பிரியா ஊரார் பெற்ற பிள்ளைகளுக்குச் சொந்தம். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு. கள்ளிக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். புருஷன் வெற்றிச்செல்வனுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அவன் கோவில்பதாகை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். ஆவணியில் கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்த்தது வாசற்படியில்தான். அதனால் ஞாயிறு என்றால் அவளுக்கு உயிர். பைக்கில் ஏறினால் பூந்தமல்லியில் பிரியாணி, அம்பத்தூரில் சினிமா, வரும் வழியில் ஆவடியில் ரோஸ்மில்க். துவைக்கிற துணி கிடந்தால் கிடக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் செத்துப்போன ஒருத்தி வந்து பங்கு கேட்டாள்.

வினை ஒரு புடவையால் வந்தது. பள்ளியில் பொங்கல் விழா. டீச்சர்கள் எல்லோரும் பச்சை கட்ட வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் முடிவாயிற்று. பானுவின் பீரோவில் பச்சையைத் தவிர உலகத்து வண்ணம் எல்லாம் இருந்தது. காலை அவசரத்தில் ஸ்டூல் போட்டுப் பரணைத் துழாவியபோது ஒரு மூங்கில் கூடைக்குள் பச்சைப் புடவை அகப்பட்டது. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். கல்யாணத்துக்கு யாரோ வைத்துக் கொடுத்ததாக்கும் என்று உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் பொன்னியம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையில் இருந்த பூண்டு கையிலேயே நின்றது.

"இந்தப் பொடவ எங்க எட்த்த?"

"பரண்ல கூடையில இருந்துச்சு அத்தை. புதுசா இருந்துச்சேன்னு..."

பொன்னியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அது மட்ச்சி வெச்ச பொடவ இல்லம்மா. அவ கட்டிக்கினு குந்திகினு இருந்த பொடவ. குந்தினு இருந்தவள எழுப்பி இஸ்கூலுக்கு இட்டுகினு போய்ட்டு வந்துகீற."

அவள் என்றால் லாவண்யா, வெற்றியின் தங்கை. காலேஜில் படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பெண் வாழாமல் போனால் அவளை அப்படியே விட்டுவிடுவதில்லை. அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் பம்பை உடுக்கையோடு ஏரிக்கரைக்குப் போவார்கள். பூவாடைக்காரி என்று சொல்லிக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, 'இங்கியே இரு தாயி, ஊட்டப் பாத்துக்கோ' என்று உட்கார வைப்பார்கள். அந்தப் புடவை கூடையோடு பரணுக்குப் போய்விடும். அடுத்த விசேஷம் வரை யாரும் தொடமாட்டார்கள். பானு லால்குடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் வலதுகாலை எடுத்து வைத்து இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அவளுக்கு யார் சொன்னார்கள்?

"திருப்பி வச்சிடுறேன் அத்தை. அலசிக் காயப்போட்டு..."

"தொவச்சா போயிடுவாளா? இத்தினி மாசமா பரண்ல கெடந்த பொண்ணு. இன்னிக்கி பஸ்ஸு ஏறி, கரும்பப் பாத்து, மைக்செட்டுல பாட்டு கேட்டு வந்துகீது. மறுபடி மேல ஏறுன்னா ஏறுமா? நீ ஏறுவியா டீச்சரம்மா?"

புடவை கூடைக்குத் திரும்பியது. கட்டியிருந்தவள் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஆவடி தாண்டுவதற்குள் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. நம்பாதவர்கள் மார்க்கெட் பக்கம் போய்ப் பஞ்சர் கடை தேவராஜைக் கேட்டுப் பார்க்கலாம். "மூணு பேரு குந்திகினு வந்தா டியூபு இன்னாத்துக்கு ஆவும், நைனா?" என்றான்.

"ரெண்டு பேருதாண்ணே வந்தோம்," என்றாள் பானு.

தேவராஜ் கடை பெஞ்சைப் பார்த்தான். இவர்களைப் பார்த்தான். மறுபடி பெஞ்சைப் பார்த்தான். பிறகு அவசர அவசரமாக வேலையை முடித்து அனுப்பிவைத்தான்.

சினிமா தியேட்டரில், ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலி. பானுவுக்கு இந்தப் பக்கம் வெற்றி, அந்தப் பக்கம் காலி இருக்கை. அந்தக் காலி இருக்கை மடங்கவில்லை. இடைவேளையின்போது அவள் கையை ஊன்றிப் பார்த்தாள். உறை சூடாக இருந்தது. பூந்தமல்லியில் சர்வர் மூன்று இலை போட்டுவிட்டு, "அந்தப் பாப்பா கை கழுவப் போய்க்கீதா?" என்றான்.

பானு பயந்துபோனாள். பேயைப் பார்த்துப் பயந்தாள் என்று சொல்வதற்கில்லை. வெற்றியின் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள். கல்யாண மேடையில்கூட அப்படிச் சிரித்தவன் இல்லை அவன்.

"அந்த லெக் பீஸ அப்டியே வுடு," என்றான். "அவுளுக்கு அதான் புடிக்கும்."

அன்றிலிருந்து ஞாயிறு மாறிப்போயிற்று. பைக் கண்ணாடியைத் திருப்பி வைத்தான். அதில் பானுவின் தோளுக்குப் பின்னால் இருப்பது தெரியும், பானு தெரியமாட்டாள். பேசினால் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேசினான். லாவண்யாவுக்குப் பிடித்த கடை, லாவண்யாவுக்குப் பிடித்த படம். எதிர்க்காற்றில் மல்லிப்பூ வாசனை பின்னாலிருந்து முன்னால் வந்தது. பானு அன்றைக்குப் பூ வைத்திருக்கவில்லை. பைக்கில் தானே மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொண்டு வருவதுபோல் அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. இப்படியே போனால் இந்த மனிதன் செத்தவளோடு குடித்தனம் நடத்துவான், நான் சமையல் செய்து போடுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் வரலட்சுமி மிஸ் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புதுப்பொண்ணு, ஞாயித்துக்கிழமையும் அவருக்கு டூட்டி போட்டுட்டாங்களா?" என்றாள்.

"டூட்டி இல்ல மிஸ். வீட்ல விருந்தாளி."

"எப்பப் போறாங்களாம்?"

"அதைத்தான் கேக்கணும்," என்றாள் பானு. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வகுப்பில் பெஞ்சை உதைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளையை அவள் அடிக்கவும் மாட்டாள், மிட்டாய் கொடுத்துக் கொஞ்சவும் மாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்பாள். இந்தப் பெண்ணுக்கு வெற்றி வாராவாரம் மிட்டாய்தான் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வாசற்படியில், அவன் செருப்பைக் கழற்றும்போது மறித்துக்கொண்டு நின்றாள்.

"லாவண்யா கேட்டு நீங்க கூட்டிட்டுப் போகாத இடம்னு ஏதாவது இருக்கா?"

அவன் குனிந்தபடியே நின்றான்.

"தீவுத்திடல் பொருட்காட்சி," என்றான். "ராட்டினம் ஏறணும்னா. அடுத்த வாரம் போலாம் போடின்னுட்டு நான் கிரிக்கெட் ஆடப் போய்ட்டேன். அந்த அடுத்த வாரம் அவ ஆஸ்பத்திரில கெடந்தா."

"இப்பப் பொருட்காட்சி நடக்குது."

"அங்க மட்டும் வாணாம் பானு."

"அவ கேட்டது அதைத்தானே."

ஞாயிறு பானு ஸ்டூல் போட்டு ஏறி, மாமியார் கண்ணெதிரிலேயே அந்தப் பச்சைப் புடவையை எடுத்தாள். பொன்னியம்மா தடுக்கவில்லை. கொசுவத்தை மட்டும் குனிந்து நேராக்கிவிட்டாள். யாருக்காகச் செய்தாளோ.

ஆவடியிலிருந்து ரயில், அப்புறம் ஆட்டோ. தீவுத்திடலில் டெல்லி அப்பளம் பொரிகிற வாசனையும் ஒலிபெருக்கியும் புழுதியுமாகக் கூட்டம். ராட்டினத்துக்கு முன்னால் வந்ததும் வெற்றி தயங்கி நின்றுவிட்டான். தொட்டிலின் கம்பியைத் திறந்து பிடித்திருந்தவன், "ரெண்டு பேரா, அண்ணாத்தே?" என்றான்.

"ரெண்டு பேர்தான்," என்று முந்திக்கொண்டாள் பானு. "நான் கீழ நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

வெற்றி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான். கம்பி போட்டவன் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டில் தரையை விட்டுக் கிளம்பும்போது வெற்றி இருந்த பக்கம் சாயவில்லை; தராசு முள்போல் நேராக நின்று மேலே போயிற்று.

பானு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சியில் அவன் முகம் தெரியவில்லை. இறங்கி வரும்போது யாராக வருவானோ என்றுதான் அவளுக்கு அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பச்ச நல்லாகீது, எங்க எடுத்தீங்க?" என்று முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். பானுவுக்குப் புடவை உடம்பில் இல்லாததுபோல் லேசாகிக்கொண்டே போயிற்று.

ராட்டினம் நின்றது. வெற்றி மட்டும் இறங்கினான். முகம் முழுக்க ஈரம்.

"அவ எறங்கல," என்றான்.

காலித் தொட்டில் அடுத்த சுற்றுக்கு மேலே ஏறிற்று. காற்று சுத்தமாக இல்லை. மற்றத் தொட்டில்கள் அசையாமல் போக, அது ஒன்று மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு போயிற்று, யாரோ உள்ளே உட்கார்ந்து வேண்டுமென்றே ஆட்டுவதுபோல்.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்ட்டேன். வரமாட்டேன்னுட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வா, போலாம்," என்று அவள் கையைப் பிடித்தான். அவன் கை சில்லிட்டிருந்தது. கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பானுதான் பார்த்தாள். ஆட்டம் நின்றபாடில்லை.

வீட்டு வாசலில் பொன்னியம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தாமல், அவர்களுக்குப் பின்னால் தெருவையே பார்த்தாள்.

"எங்கடா அவ?"

"ராட்டினத்துல கீறாம்மா. வரல."

"வயசுப் பொண்ண அங்க வுட்டுட்டா வந்த?"

பானு புடவையை அவிழ்த்து மடித்து மாமியாரின் மடியில் வைத்தாள். பொன்னியம்மா அதை முகர்ந்து பார்த்தாள். கடை வாசனைதான் வந்தது போலும். பரணில் வைக்கவில்லை, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர் கிளம்பினார்கள். பொன்னியம்மா அந்தப் பச்சையைத் தானே கட்டிக்கொண்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, காலையிலிருந்தே செருப்போடு உட்கார்ந்திருந்தாள். பானு மனசுக்குள், போச்சுடா, இந்த வாரமும் மூணு பேரா என்று நினைத்தாள்.

பொன்னியம்மா ராட்டினத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "அதோ அந்தத் தொட்டில்," என்றாள். அது கீழே வரும் வரைக்கும் வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் வழி விட்டாள். வந்ததும் உள்ளே ஏறி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

சக்கரம் கிளம்பிற்று. கீழே வெற்றியும் பானுவும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் யாரும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குப்போல வெற்றி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அம்மா ரெண்டு மூணு தபா ஏறாம எறங்காது," என்றான் வெற்றி.

"இருக்கட்டும்."

"பசிக்குதா உனுக்கு?"

"பசிக்குது."

"இன்னா துன்ற, சொல்லு. உனுக்குப் புடிச்சத சொல்லு."

பானு யோசித்தாள். மேலே பார்த்தாள். உச்சிக்குப் போன தொட்டிலில் பொன்னியம்மா பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கி, எதிரில் இருந்த வெற்றிடத்தில் யாருக்கோ கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். என்னவோ கேட்டாள், பதிலுக்குக் காத்திருந்தாள், தலையை ஆட்டினாள்.

"மொளகா பஜ்ஜி," என்றாள் பானு. "காரமா. ரெண்டு பேருக்கு மட்டும் வாங்குங்க."