முப்பதாவது கிலோமீட்டர்

கைப்பிடிக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டார். நாற்காலி முதுகைத் தாழ்த்தி, காலைத் தூக்கி, பாதி வழியில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி இறங்கியது. "இன்னொரு தடவை," என்றார் நாற்காலியிடம். அது இன்னொரு தடவை விக்கியது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எண்ணெய் இல்லை. காத்தைக் குடிச்சிட்டு ஏப்பம் விடுது."

பல் மருத்துவமனைகளின் நாற்காலிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஐந்து ஊர்களில் முப்பத்தெட்டு நாற்காலிகள் அவர் பொறுப்பு. எங்கே போனாலும் "சேர்க்காரர் வந்தாச்சு" என்பார்கள். எந்த நாற்காலியையும் முதலில் நின்றபடி பார்க்க மாட்டார். "நின்னு பாத்தா இரும்பு. படுத்துப் பாத்தாத்தான் சேர்." இப்படிப் பதினாறு வருடமாகப் படுத்து எழுந்தவர், ஒரு முறைகூட அதில் வாயைத் திறந்ததில்லை. யாராவது விளையாட்டாக விளக்கை முகத்துக்குத் திருப்பினால் உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "நான் மெக்கானிக்குங்க. பேஷன்ட் இல்ல."

படுத்துப் பார்த்த பிறகு கீழே போவார். தரையில் ஒரு பழைய துணியை விரித்து, அடித்தகட்டைக் கழற்றி, தலையை உள்ளே கொடுத்துவிட்டால் வெளியே மிச்சம் இடுப்பும் இரண்டு காலும்தான். உள்ளே இரண்டு கைக்கும் வேலை இருக்கும். விரல் பருமனில் ஓர் இரும்பு டார்ச் வைத்திருந்தார். அதைப் பல்லில் கவ்விக்கொள்வார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் "ம்", இல்லையென்றால் "ம்ஹூம்". வெளியே வந்த பிறகும் அவர் பேச்சு அதைவிடப் பெரிதாக நீளாது.

நாளொன்றுக்கு நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் பைக். தலைவலி முப்பதாவது கிலோமீட்டரில் ஏறிக்கொள்ளும். முதலில் இரண்டு பொட்டிலும் யாரோ கட்டைவிரல் வைத்து அமுக்குவது போல இருக்கும். பிறகு பிடரிக்குப் போகும். வீட்டுப் படியேறும்போது மண்டை தனி, ஆள் தனி. செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்னறை. திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். மூன்று வருடமாக இதுதான் அவர் வீடு திரும்பும் முறை.

வீடும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. மனைவி கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டிருந்தாள். நாற்காலிக் கால்களில் துணி சுற்றியிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு ரப்பர் விரிப்பு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஐந்து மணியானால் குதிகாலைத் தரையில் வைக்க மாட்டாள். அவரும் இதையெல்லாம் பார்த்தார். நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் நோட்டைத் தற்செயலாகப் புரட்டினார். "வகுப்பில் குரல் கேட்பதில்லை. வீட்டில் சத்தமாக வாசிக்கப் பழக்கவும்." டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதே வரி மூன்று பக்கங்களில் இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்க வந்து பாடம் நடத்தப் போறீங்களா?" மனைவி துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "தொண்டை டாக்டர்கிட்டயும் காமிச்சாச்சு. தொண்டையில ஒண்ணுமே இல்லயாம்."

"அப்புறம்?"

"ஏன் பாப்பா மெதுவாப் பேசுறன்னு டாக்டர் கேட்டாரு. அப்பா படுத்திருக்காங்கன்னு சொல்றா."

டாக்டர் அதைக் கேட்டது காலை பதினொரு மணிக்கு. மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் நாற்காலிக்கு அடியில் கிடந்தார்.

அதுவரை தலைவலியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காதவர், மறுநாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். கேட்டால் போதாதா? ஆளாளுக்கு வைத்தியரானார்கள். அலுவலக ஸ்டோரில் இருப்பவர், "வெயில்ல வறண்டு போறீங்கண்ணே, தண்ணியக் குடிங்க," என்றார். குடித்தார். வழியில் நான்கு இடத்தில் நிறுத்த வேண்டிவந்தது. பெட்ரோல் போடுகிறவர் ஹெல்மெட் இறுக்கம் என்றார். ஓரளவு பெரியதாக வாங்கினார். காற்றில் முகம் ஒரு பக்கம் பார்க்க ஹெல்மெட் வேறொரு பக்கம் பார்த்தது. உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துச் சரிசெய்தார். "கண்ணு கூசுது மாமா, உங்களுக்குத் தெரியல," என்று மச்சான் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். காதில் பஞ்சு. கழுத்தில் தைலம். ஹேண்டிலை இரண்டு விரற்கடை உயர்த்தியும் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. வலி முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குத் தள்ளிப்போனது. ரத்த அழுத்தமும் கண்ணும் பார்த்த டாக்டர், ஒரு குறையும் இல்லை, பைக்கில் போவதைக் குறையுங்கள் என்றார். "குறைச்சா? சேர் என்னைத் தேடி வருமா?" என்று அவர் கேட்டது டாக்டரிடம் அல்ல, வெளியே வந்து பைக்கிடம்.

நான்காவது ஊரின் பல் டாக்டரம்மாவுக்கு உரத்த குரல். சேர்க்காரரைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். விக்கல் எடுத்த நாற்காலி டாக்டரம்மாவுடையதுதான். எண்ணெய் ஊற்றி முடித்து, அடியிலிருந்து தலையை எடுத்து, வாயிலிருந்து டார்ச்சை எடுத்தபோது 'டக்' என்றது.

"என்ன சத்தம்?"

"சேருங்க."

"சேர் அங்க இருக்கு. சத்தம் உங்க காதுக்குக் கீழ வந்துச்சு. படுங்க."

"நான் மெக்கானிக்குங்க."

"மெக்கானிக்குக்குப் பல்லு கெடையாதா? படுங்கய்யா, இப்பத்தானே சரி பண்ணீங்க. விழுந்துடுமோன்னு பயமா?"

எழுந்து போயிருப்பார். ஐந்து மணிக்குக் குதிகாலைத் தூக்கிக்கொள்ளும் இரண்டு சின்னப் பாதங்கள் நினைவுக்கு வந்தன. படுத்தார். பதினாறு வருடத்தில் முதல் முறையாக விளக்கு முகத்தில் விழ, வாயைத் திறந்தார்.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மூலைக்கு மூலை பார்த்தார். "கடவாப்பல்லு எல்லாம் தேஞ்சு தட்டையா இருக்கு. இங்க ஒரு பள்ளம், டார்ச்சுக்கு அளவெடுத்த மாதிரி. சரி, வேலையில டார்ச்சைக் கடிக்கிறீங்க. பைக்ல எதைக் கடிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அதேதான். ஒண்ணுமில்லாததைக் கடிச்சிட்டு நூறு கிலோமீட்டர் போறீங்க."

டாக்டரம்மா அவர் காதுக்கு முன்னால், தாடை சேரும் இடத்தில், இரண்டு விரலை வைத்து அழுத்தினார். வலி கட்டைவிரல் வைத்தது போல இரண்டு பொட்டுக்கும் ஏறியது. அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

"நீங்க எல்லார்கிட்டயும் கேட்ட தலைவலி இதுதான். டார்ச்சுல ஒரு காந்தத்தை ஒட்டி இரும்புல வைங்க. வாய் டார்ச் ஸ்டாண்டு இல்ல. வண்டியில போறப்ப உதடு மூடலாம், பல்லு சேரக்கூடாது. 'லா'ன்னு சொல்லுங்க பாப்போம்."

"லா."

"பல்லு சேந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப வழி முழுக்க லா. தண்ணியையும் விட்டுறாதீங்க. ஒரே நாள்ல போயிடாது, சொல்லிட்டேன். எத்தனை வருஷமாக் கடிச்சதோ."

முதல் வேகத்தடையிலேயே பல் சேர்ந்துகொண்டது. பிரித்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது, சேர்ந்தது. எதிரே மணல் வண்டி, சேர்ந்தது. இத்தனை காலம் தனக்குத் தெரியாமல் தன் வாய்க்குள் இப்படி ஓர் ஆலை ஓடிக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. "லா," என்றார். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர் பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டு இன்னொரு லா சொன்னார்.

வீட்டை அடைந்தபோது வலி பாதிதான் இருந்தது. பின்னறைக்குப் போகவில்லை. கூடத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார். மகள் அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள்.

"என்கிட்டயே கேளு. புத்தகத்தை எடுத்துட்டு வா. படி."

வாசித்தாள். ஒரு வார்த்தை புத்தகத்தில், ஒரு பார்வை அவர் நெற்றியில். எங்கோ ஒரு சுருக்கம் விழுந்திருக்க வேண்டும். குரல் இறங்கி உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது, அவள் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தது அவர் நெற்றியை.

எழுந்து போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மச்சானின் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மகள் மெதுவாக ஏதோ கேட்டாள்.

"என்ன? ஒண்ணும் கேக்கல."

மறுபடி கேட்டாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்கேன்டா. சத்தமாச் சொல்லு."

"வீட்டுக்குள்ள எதுக்கு ஹெல்மெட்டுன்னு கேட்டேன்!"

தன் குரலைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இப்ப கேக்குது," என்றார். அந்தச் சத்தம் பொட்டில் ஆணி போல இறங்கியிருந்தது. 'லா' சொல்வது போல நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "மேல படி."

மறுநாள் நூற்றெட்டு கிலோமீட்டர், நான்கு நாற்காலிகள். காந்தம் இரண்டு முறை நழுவி டார்ச் மூக்கில் விழுந்தது. தண்ணீர் மூன்று பாட்டில். வலி ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் வந்தது. ஐந்தே காலுக்கு வீட்டில் இருந்தார். மகள் அதே பாடத்தை வாசித்தாள். ஐந்து ஐம்பதுக்குக் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, பாப்பாவைக் கொஞ்சம் மெதுவாப் படிக்கச் சொன்னீங்கன்னா... டிவி கேக்கல," என்றார். மனைவி, சரிங்க, என்றாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டுக் குதிகாலைத் தூக்கினாள். அவர் எழுந்து போய்க் கூடத்து ஜன்னல்கள் மூன்றையும் சாத்தி, ஒவ்வொன்றுக்கும் கொண்டி போட்டார். திரும்பி வந்து, விட்ட பக்கத்தைத் தேடி எடுத்து அவள் மடியில் விரித்து வைத்தார்.