சாவிக்காரரின் ஆள்காட்டி விரல்

எங்கள் தெருமுனையில் சாவிக்காரர் உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு கட்டில் அளவுகூட இருக்காது. ஒரு மேசை, சாவி வெட்டும் மெஷின், நாலைந்து அரம், தலைக்கு மேலே ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், அவ்வளவுதான். பூட்டுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இருந்தவர். அதை இழுத்து மூடியதும் இங்கே வந்து மேசை போட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. பிள்ளைகள் இல்லை.

சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் புத்திசாலிகளில் நானும் ஒருத்தி. மூன்று முறை வந்து திறந்துவிட்டிருக்கிறார். பூட்டு விட்டுக்கொடுத்த அடுத்த நொடி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "உள்ள போய்ப் பாத்துக்கம்மா" என்று சுவரிடம் சொல்வார். எட்டிப் பார்ப்பது கிடையாது. யார் வீட்டில் எப்போது பூட்டு மாற்றினார்கள், எந்தச் சண்டைக்குப் பிறகு மாற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நானும் எவ்வளவோ நோண்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை வாங்க முடியாது. பூட்டாவது கம்பியை விட்டால் திறக்கும்.

அவர் மேசைக்கு அடியில் ஒரு தெரு நாய் படுத்திருக்கும். மூஞ்சியெல்லாம் நரைத்த கிழம். கழுத்தில் பட்டை இல்லை, சொல்லிக்கொள்ள வீடு இல்லை. அதை அவர் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். "பெரியவரே, காலைக் கொஞ்சம் எடுங்க, மெஷின் ஓடப்போகுது." அதுவும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெதுவாக எழுந்து, நகர்ந்து படுக்கும்.

எங்கள் வீட்டு நாய் சீனி. ஆசைப்பட்டு வாங்கியவள் என் மகள். அவளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள், நாய் என் தலையில் விழுந்தது. வீட்டுக்குள் அது பசு. கயிற்றை மாட்டித் தெருவில் இறக்கினால் ரவுடி. அதிலும் பெரியவரைக் கண்டால் பின்னங்காலில் நின்று குரைக்கும். அதனால் தெருமுனை கண்ணில் பட்டதுமே நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்வேன்.

"கயித்தக் கொஞ்சம் தளர விடும்மா" என்றார் சாவிக்காரர் ஒரு நாள். "நீ இறுக்கின அப்புறம்தான் அது குரைக்க ஆரம்பிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் உங்கள் பெரியவரைக் கட்டிப் போடுங்கள், அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நாய் குரைச்சது சரி, நீ எதுக்கு அவர்கிட்ட குரைச்ச?" என்றார்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெரியவர் எழுந்து நின்று சோம்பல் முறித்தது. வாலை ஆட்டியது. என் பக்கம் இரண்டடி எடுத்து வைத்திருக்கும், அவ்வளவே. நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். கழுத்து நெரிந்த சீனி வெறி வந்தது போல் பாய்ந்தது. சாவிக்காரர் குனிந்து பெரியவரை ஒதுக்கக் கை நீட்டினார். சீனியின் பல் பதிந்தது அவருடைய வலது ஆள்காட்டி விரலில்.

என் துப்பட்டாவைச் சுற்றி அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது அவர் விரல் இல்லை. எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான்: வளர்ப்பு நாய் யாரையாவது கடித்தால், நாய் வெளியேற்றப்படும். கீழே செயலாளரின் கையெழுத்து.

டாக்டர் காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார், வளர்ப்பு நாயா, தெரு நாயா என்று. கேள்வி சாவிக்காரரிடம். பதில் சொன்னது நான்.

"தெரு நாய் டாக்டர். நான் பக்கத்துலதான் நின்னேன்."

சாவிக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம், கதவு திறந்ததும் திரும்புவாரே, அதே மாதிரி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரு நாய் என்றால் வைத்தியமே வேறு. காயத்துக்குள்ளேயே ஊசி போட வேண்டும். அந்த விரலில் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடுப்பூசி போட்டிருக்கும் வீட்டு நாய் என்று சொல்லியிருந்தால் அந்த மூன்று குத்து இருந்திருக்காது. நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். பார்த்த சாட்சி என்று கையெழுத்தும் போட்டேன்.

அந்தத் தாள் நாய் பிடிக்கும் ஆபீசுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்?

இரண்டாம் நாள் வண்டி வந்தது. நான் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த முனையில் படுத்திருந்த ஒரே நாய் பெரியவர். வலையைக்கூட வீச வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டார்கள், அது அவர்களிடம் போய்விட்டது. ஒருவன் மேலே பார்த்து, "இதுதானேம்மா?" என்றான். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தலையணை உறையை உதறினேன். மறுபடியும் உதறினேன். வண்டி போய்விட்டது.

பிறகு அந்தப் பக்கம் போவதை விட்டேன். சீனியைப் பின் வாசல் வழியாகக் கூட்டிப்போனேன். என்ன என்று கேட்ட கணவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பெரியவரைப் பிடித்துப்போன ஒன்பதாம் நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சாவிக்காரர், விரலில் கட்டோடு. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"கடிச்ச நாய்னு எழுதியிருந்தா பத்து நாள்தான் வச்சிருப்பாங்களாம்மா, அப்புறம் ஊசி போட்டுக் கொன்னுடுவாங்களாம்" என்றார். "நாளைக்குப் பத்தாவது நாள். நான் போய் இது கடிக்கலைன்னு சொன்னேன். அப்ப எதுன்னு கேட்டாங்க. தெரியலைன்னேன். எழுதிக் குடுத்தவங்கதான் வரணும்னுட்டாங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

அன்றே அந்த ஆபீசுக்குப் போனேன். கூண்டுகள் வரிசையாக இருந்த கொட்டகைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. அங்கிருந்த பெண் தாளைக் கொடுத்தாள். 'கடித்தது இந்த நாய் அல்ல. என் வீட்டு நாய். கயிற்றைப் பிடித்திருந்தவள் நான்' என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அங்கிருந்து நேராகச் செயலாளர் வீட்டுக்கு. விஷயம் அவர் காதுக்குப் போவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்காம்மா மறைச்சீங்க? அந்த நோட்டீஸ் சும்மா ஒரு பயத்துக்கு ஒட்டினது. வாய்க்கூடு மாட்டிக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லியிருப்போம்."

வாய்க்கூடு. ஒரு வாய்க்கூட்டோடு முடிந்திருக்க வேண்டியதற்கு மூன்று ஊசி, ஒன்பது நாள் கூண்டு.

பெரியவர் திரும்பி வந்துவிட்டது. மேசைக்கு அடியில்தான் படுக்கிறது. நான் வந்தால் மட்டும் எழுந்து அந்தப் பக்கம் போய்விடும், சீனி கூட இல்லாவிட்டாலும். சாவிக்காரரின் விரல்தான் திரும்பவில்லை. நரம்பில் பட்டுவிட்டதாம், பாதிக்கு மேல் மடங்காது. நடுவிரலால் அரத்தைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்டபோது, "சரி விடும்மா, நேரமாச்சு" என்று மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் பேசிய மீதி எதுவும் எனக்கே கேட்கவில்லை.

போன வாரம் மகள் வருகிறாள் என்று ஒரு சாவி வெட்டக் கொடுத்தேன். முன்பு இரண்டு நிமிஷ வேலை. இப்போது இருபது நிமிஷம். வீட்டில் போட்டுப் பார்த்தால், நுழைகிறது, திரும்பவில்லை. அவர் வெட்டிய சாவி திறக்காமல் நான் பார்த்ததே இல்லை.

"விட்டுடு" என்றார் கணவர். "சொன்னா அவர் மனசு சங்கடப்படும். வேற எங்கயாவது வெட்டிக்கலாம்."

எனக்கும் அதுதான் வசதி. இரண்டு நாள் அந்தச் சாவி மேசை இழுப்பறையில் கிடந்தது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த டாக்டர் அறை ஞாபகம் வந்தது. அங்கேயும் எது வசதியோ அதைத்தானே சொன்னேன்.

எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் எழுந்து போனது.

"அண்ணே, திறக்கலை."

அவர் சாவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நிற்கவில்லை.

"எந்தப் பக்கம் பிடிக்குது?"

"வலப்பக்கம் திருப்பும்போது."

நடுவிரலை அரத்தில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ராவினார். விறைப்பாக நின்ற ஆள்காட்டி விரல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஊதித் துடைத்துக் கொடுத்தார்.

"போட்டுப் பாரு. திறக்கலைன்னா திரும்ப வா."

வீட்டுக்குப் போய்ப் போட்டேன். பாதி திரும்பி நின்றுவிட்டது. மறுபடியும் படியிறங்கினேன்.