புதுருவகலைக்குப் போக நல்ல மாசம்

புதுருவகலைப் பாறையில் செதுக்கிய ஒரு புத்தரைப் பார்க்க எந்த மாசம் தோதானது என்று மூன்று வருஷம் யோசித்த மனுஷன், இந்த ஊவா மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரோ ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நின்ற இடத்திலேயே நிற்கிறவர். என்னை வரச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை.

அவசரம் என் மனைவியின் தம்பிக்குத்தான். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்து தேயிலை ஃபெக்டரியில் அவனுக்கு வேலை. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் எங்கள் குடும்பத்துக்கு நடுவிலும் கோடு போட்டிருந்தது. எனக்கும் மனைவிக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட். எப்போது இந்தியாவுக்குக் கப்பலேறக் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதுளைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"மச்சான், நான் போறதுக்குள்ள வெல்லவாயப் பக்கம் இருக்கிற அந்தப் பாறைச் சிலையக் காட்டிடுங்க. அங்க போனா, சிலோன்ல என்னத்தடா பார்த்தேன்னு கேப்பாங்க. தேயிலையத்தான் பார்த்தேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

அடுத்த ஞாயிறே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் நான் படித்தவன், அதுவும் வாத்தியார். கண்டிக்கு அப்பால் கால் வைத்ததில்லை என்றாலும், உலகத்தில் எந்த இடத்துக்கு எந்தப் பருவத்தில் போகவேண்டும் என்பதைப் புத்தகங்களில் கரைத்துக் குடித்திருந்தேன்.

"சும்மா போய்ப் பார்க்கிற இடமில்ல மாப்ளே அது. காலம் பார்த்துப் போகணும்" என்றேன்.

பார்த்தேன். வெசாக் பண்டிகை வந்தது, கூட்டம் அதிகம், சிலையைவிடத் தலைகளைத்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்றேன். ஆகஸ்ட் லீவு வந்தது. கச்சான் காற்றும் வெயிலும், பாறை தோசைக்கல்லாகக் காயும், குளத்தங்கரைக்கு யானை வேறு இறங்கும் என்றேன். சித்திரையில் பின்னேர இடி. இப்படியே அடுத்த வருஷமும் போனது. ஒரு டிசம்பரில் அவனே பொறுக்காமல், "இப்பவே போயிட்டு வந்துடலாமே மச்சான்" என்றான்.

"மழையில போயி என்னத்தத் தெரியப் போவுது? மழை சிலைய மறைச்சிக்கிட்டுல்ல நிக்கும்!"

குசினிக்குள் என் மனைவி தேங்காய் துருவும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஆராய்ந்து ஆராய்ந்து கடைசியில் தீர்ப்புச் சொன்னேன்: பெப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காடு பச்சையாக இருக்கும். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "மச்சான் மாசம் குறிச்சிட்டாரு" என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தான்.

பொங்கல் முடிந்த கையோடு அவனுக்குக் கப்பல் வந்தது.

பதுளை ரயில் ஸ்டேசனில் அன்று கோச்சி கொள்ளாத சனம். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் மனைவி தம்பியின் கையை விடவில்லை. நான் மட்டும் தூண் ஓரமாக, யாருக்கோ இடம் விடுகிறவன் மாதிரி நின்றேன். கோச்சி அசையும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைத் தேடினான்.

"பெப்ரவரியில நீங்களும் அக்காவும் கட்டாயம் போயிட்டு வாங்க மச்சான்! நல்ல மாசத்த விட்டுடாதீங்க!"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நெசமாகவே சொன்னான்.

பெப்ரவரியில் போனோம். போகாமல் இருந்தால் அவன் முகத்தில் இன்னொரு தடவை அடித்தது போலாகும் என்று நினைத்தேன். எல்ல ஊரின் மலை இறக்கத்தில் பஸ் போகும்போதே தூறல். வெல்லவாயவில் இறங்கும்போது, புத்தகத்தில் இல்லாத மழை. ஒற்றைக் குடைக்குள் இரண்டு பேர் குளத்து ஓரமாக நடந்தோம். என் காலில் அட்டைகள் ஏறின. பெப்ரவரியைப் பற்றி எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மரங்கள் விலகியதும் பாறை எழுந்து நின்றது. நடுவில் புத்தர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். இரண்டு பக்கமும் மும்மூன்று பேர். நனைந்து கறுத்த பாறையில் உடுப்பின் மடிப்புகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெள்ளைச் சாந்து பூசிய ஒரு உருவம், கழுவி வைத்த பீங்கான் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. நான் குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தேன், அவள் என் முகத்தைப் பார்க்காமலிருக்க.

அவள் சிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மழையிலயும் நல்லாத்தாங்க தெரியுது."