இல்லை என்று எழுதிய ஊற்று

மணமக்கள் உட்காரும் மேடையில் அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாள் கல்யாணத்தின் ஜிகினாத் தோரணம் இன்னும் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிவேக ரயில் திட்டத்தை ஆராய டெல்லியிலிருந்து குழு வருகிறது, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் அத்தனை பேரை உட்காரவைக்கக் கல்யாண மண்டபத்தை விட்டால் வேறு இடம் இல்லை. மண்டபப் பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தோம். மேடையில் இருந்தவர்கள் ஷூவோடு இருந்தார்கள்.

என் கையில் டோக்கன். பதினேழு. ஆளுக்கு மூன்று நிமிடம்.

நான் சொல்ல வந்தது மூன்று நிமிடம்கூடத் தேவைப்படாத விஷயம். ரயிலுக்காகக் குடையப்போகும் சுரங்கம் எங்கள் ஊர்ச் சரிவின் அடியில் போகிறது. அந்தச் சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. ஊருக்கே குடிதண்ணீர் அதுதான். அண்ணனின் நெல்வயல் அடுக்கடுக்காக அதற்குக் கீழேதான் இறங்குகிறது. ஊற்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஊற்றே இல்லை என்று இரண்டு வருடம் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். உள்ளங்கை வியர்த்து டோக்கன் மடங்கிப்போயிருந்தது.

இடப்பக்கத்து நாற்காலியில் அண்ணன். மலையிலிருந்து ஒன்றாகத்தான் பஸ்ஸில் இறங்கியிருந்தோம். வலப்பக்கம் அடிவாரத்துக்காரி ஒருத்தி. வருடக்கணக்காகப் பழக்கம். மிளகு மூட்டையோடு நாங்கள் இறங்கும் நாட்களில் அவள் வீட்டில்தான் இறக்கி வைப்போம். கடலையும் குச்சிக்கிழங்கும் போடுகிற காடு அவளுக்கு இருந்தது. மலையைக் குடையாவிட்டால் ரயில் பாதை அவள் காட்டின் மேல்தான் வரும். அதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். வந்து உட்கார்ந்ததும் என் முழங்கையைத் தொட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, ஊத்து இருக்குதுன்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அப்ப எங்க காடு போயிருமுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அப்படி எழுதிக் கொடுத்த படிவத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வரும். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூடச் சேர்க்கை, எல்லாம் நான் நிரப்பியது. ரயில் பாதைக்கு அளவெடுக்கிறவர்கள் நாலைந்து பேர் வந்தபோதும், வழி காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். முழங்கால் வரைக்கும் பூட்ஸ், அட்டைக்குப் பயந்து அதன் மேல் உப்புத் துணி. நல்ல மனிதர்கள்தான். தேவனூர் நாட்டுப் பக்கம் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார்கள், எங்கள் குண்டனி நாட்டில் ஒரே நாள் வேலை என்றார்கள். சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம்.

எங்கள் ஊற்றுக்கு முன்னால் ஒரு நாவல் மரம் நிற்கிறது. அந்த மரத்தைத் தாண்டி யாரும் செருப்போடு போனதில்லை. அங்கே சிலை கிடையாது, மணி கிடையாது. பாறையிடுக்கில் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அதுதான் சாமி. வெளியாள் யாரையும் அங்கே கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. மருமகளாக வருகிறவளைக்கூட முதல் நாள் அங்கே அழைத்துப்போய், ஒரு கை தண்ணீர் குடிக்கவைத்த பிறகுதான் அடுப்படியில் விடுவார்கள். அந்தத் தண்ணீர் குடித்த பிறகு அவள் எங்கள் ஆள்.

பூட்ஸ் போட்டவர்கள் நாவல் மரத்தை நோக்கித் திரும்பியபோது, வயலில் நின்ற அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். நான் அவர்களை மேல்வழியாக, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு ஊடே, வறண்ட பாறைக்கு அழைத்துப் போனேன். மூச்சு வாங்க ஏறினார்கள். பாறையில் உட்கார்ந்து படிவத்தை நீட்டினார்கள். தமிழில் எழுதத் தெரிந்தவர் அவர்களில் யாரும் இல்லை. 'நீர் ஆதாரம்' என்ற கட்டத்தில், என் அழகான கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதினேன். கீழே கையொப்பமும் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஊரே சிரித்தது. நல்லா சுத்தவிட்டே, கண்ணு என்று அண்ணன் என் தலையில் கை வைத்தார். நானும் சிரித்தேன். சாமியைக் காப்பாற்றிவிட்ட சிரிப்பு அது.

பிறகு வரைபடம் வந்தது. ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சிவப்புக் கோடு ஒன்று அடிவாரத்தில் நுழைந்து, யாரோ அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி, நேராக எங்கள் சரிவின் அடியில் போனது. சுரங்கத்துக்குக் காற்று விடும் குழிக்கு நாவல் மரத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குக் காரணமும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அந்த இடத்தில் நீர் ஆதாரம் இல்லாததால் பொருத்தமானது. படித்துவிட்டுச் சுவரில் கை வைத்து நின்றேன். நான் எழுதிய ஒற்றைச் சொல் டெல்லிவரை போய், அச்சேறி, கோடாகித் திரும்பி வந்திருந்தது.

சோதனைக்கு அடிவாரத்தில் ஓரிடத்தில் துளை போட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு சில நாள் கலங்கிக் கிடந்தது, அப்புறம் தெளிந்தது என்றார்கள். தெளிந்தது என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலங்கியதைத்தான் பேசினார்கள். பாறைக்குள் தண்ணீர் எந்த வழியில் வருகிறது என்று யாருக்குத் தெரியும்? வழியில் ஒரு விரல்கடை விரிசல் விட்டால் போதும், வேறு பக்கம் போய்விடும். கூப்பிட்டால் திரும்பி வருமா?

ஊர்க்கூட்டத்தில் மூன்று நாள் பேசினோம். ரயில் வேண்டாம் என்று மட்டும் சொல்லுவோம், ஊற்றைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றது ஒரு பக்கம். சர்க்காருக்குப் பொய் எழுதிக் கொடுத்தால் ஜெயில் என்று பயமுறுத்தியது இன்னொரு பக்கம். அண்ணன் கடைசிவரை வயல் சேற்றைக் காலில் இருந்து சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"எழுதுனது நீ. அழிக்கறதும் நீதான் கண்ணு."

அத்தோடு கூட்டம் முடிந்தது.

மண்டபத்தில் டோக்கன்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு பெரியவர், மலைக்கு வருகிற பஸ்ஸே பாதி நாள் வளைவில் நின்றுவிடுகிறது, இதில் அம்பு மாதிரி ரயில் யாருக்கு என்று கேட்டு உட்கார்ந்தார். சிரிப்பு எழுந்தது. மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகு மேடையும் சிரித்தது, கொஞ்சம் தாமதமாக. குழுவில் வயதான பெண் உறுப்பினர் ஒருவர் இருந்தார். பருத்திச் சேலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. பாதையை ஏன் சமவெளியில் விடாமல் மலையடியில் கொண்டுபோகிறீர்கள் என்று அவர்தான் திட்டப் பொறியாளரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விளைநிலம் குறைவாகப் போகும், மலையில் பாதிப்பு எதுவும் இல்லை என்றார் பொறியாளர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார் இவர்.

பொறியாளர் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டார்.

என் கையெழுத்து. மணமக்கள் பெயர் ஒளிரும் திரையில், ஆள் உயரத்துக்கு என் 'இல்லை'. ஐகாரத்தின் சுழியை நான் எப்போதும் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன். அது அங்கே சுருண்டு கிடந்தது. உள்ளூர்வாசி ஒருவரே நேரில் எழுதிக் கொடுத்தது என்றார் பொறியாளர். மண்டபத்தின் மின்விசிறிகள் எல்லாம் என் தலைக்கு மேலேயே சுற்றுவது போல இருந்தது. அடிவாரத்துக்காரி திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

மைக்கின் உயரம் எனக்குப் பொருந்தவில்லை. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. நான் சொல்வதெல்லாம் பதிவாகும் என்று தெரிவித்தார்கள். எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு திரையைக் காட்டி, அது என் கையெழுத்துதானுங்க என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார்.

பெண் உறுப்பினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்படியானால் அங்கே ஊற்று இல்லையா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவைத்தார்.

"இருக்குதுங்க. நான் எழுதுனது பொய்ங்க."

ஏன் என்றார்கள்.

"அவங்க பூட்ஸ் போட்டிருந்தாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தயங்கி, மறுபடி கேட்டு, அப்புறம் சொன்னார். பெண் உறுப்பினர் சிரிக்கவில்லை. குனிந்து மேஜைக்குக் கீழே தன் காலைப் பார்த்தார், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நாவல் மரத்தைப் பற்றி, மருமகள்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றி, மூன்று நிமிடத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். வெளியாளிடம் ஒருபோதும் பேசாததை ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தேன்.

பொறியாளர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்குப் பொய் எழுதிக் கொடுத்தவர் இன்றைக்குச் சொல்வது உண்மை என்று எப்படி எடுத்துக்கொள்வது? பாதை தன் ஊருக்குக் கீழே வராமல் இருக்க இப்போது ஊற்றை உண்டாக்குகிறாரோ என்னவோ. நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"வந்து பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. ஊரைக் கேட்கவில்லை. அண்ணனைக் கேட்கவில்லை. திரும்பினேன். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். மைக் இல்லாமலே பேசினார், வயலில் இருந்து வரப்புக்குக் கூப்பிடும் குரலில்.

"நானே கூட்டிட்டுப் போறனுங்க. காலுல இருக்கறத மட்டும் கழட்டோணும்."

மறுநாள் காலையில் பெண் உறுப்பினரும் பொறியாளரும் வந்தார்கள். மற்றவர்களுக்கு வேறு ஊரில் கூட்டம். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வருவதற்குள் பொறியாளர் இரண்டு முறை வண்டியை நிறுத்தி வாந்தியெடுத்திருந்தார். யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அதை முகர்ந்துகொண்டே நாவல் மரம் வரைக்கும் நடந்து வந்தார்.

ஊர் முழுக்க அங்கே நின்றது.

பெண் உறுப்பினர் செருப்பை உதறிவிட்டு மரத்தைத் தாண்டிவிட்டார். பொறியாளர் ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. அண்ணன் மண்டியிட்டு நகத்தால் முடிச்சை நெகிழ்த்திக் கொடுத்தார். பூட்ஸுக்குள்ளிருந்து வெளுத்த, மென்மையான, வெயில் அறியாத பாதங்கள் வந்தன. முள்ளுக்குப் பயந்து பஞ்சின் மேல் நடப்பது போல நடந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை, அதுவே என்னவோ போலிருந்தது.

பாறையிடுக்கில் தண்ணீர் எப்போதும் போல வந்துகொண்டிருந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பொறியாளர் பையைத் திறந்தார். கருவியை எடுத்து இடத்தைக் குறித்தார், பாட்டிலில் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்து மறுபடி பிடித்தார். கோடையில் வற்றுமா என்று கேட்டார். தான் பிறந்ததிலிருந்து வற்றவில்லை என்றார் அண்ணன். பெண் உறுப்பினர் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். கூட்டத்தில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"போச்சு, இனி இவங்க நம்மூரு மருமக. அவரும் குடிச்சுட்டார்னா மாப்பிள்ளைக்குச் சீரு செய்யோணும்."

அத்தனை நேர இறுக்கமும் அதில் உடைந்தது. பொறியாளருக்கு என்னவென்று புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் குடிக்கவில்லை.

திரும்பி மரத்தடிக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதே படிவம், அதே கட்டம். பேனாவை என்னிடம் நீட்டி, நீங்களே எழுதுங்கள் என்றார். 'உண்டு' என்று எழுதினேன். முழங்காலில் வைத்து எழுதியதால் கையெழுத்து கோணலாக வந்தது, யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். பாறையில் மஞ்சள் பெயின்டால் எண் போட வேண்டும் என்றார். அண்ணன் முடியாது என்றார். நாவல் மரத்துக்கு வெளியே கிடந்த ஒரு கல்லில் போட்டுக்கொள்ள இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எத்தனையோ தலைமுறையாக வாயால்கூடச் சொல்லாத இடத்துக்கு இப்போது ஓர் எண் இருக்கிறது. மழையில் அது அழியவில்லை.

குழுவின் அறிக்கை வந்தது. பெரிய அறிக்கை. எங்களைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. அந்தச் சரிவை மறுபடி முழுமையாக ஆராயாமல் தோண்டக்கூடாது, மாற்றுப் பாதையையும் அளந்து பார்க்க வேண்டும். ரயில் வேண்டாம் என்றோ, வரும் என்றோ அதில் இல்லை. சென்ற வாரம் மிளகு மூட்டையோடு இறங்கினேன். அடிவாரத்துக்காரியின் கடலைக்காட்டு ஓரத்தில் புதிதாக அளவுக்கல் ஊன்றியிருந்தது. மூட்டையை இறக்கச் சொன்னாள். டீ கொடுத்தாள். கல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டீ ஆறியதுதான் மிச்சம்.

மேலே இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வந்து போகிறார்கள். அவர்களை நான்தான் கூட்டிப் போகிறேன், நேர்வழியில். நாவல் மரத்தடியில் பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. தண்ணீர் வந்து விழும் குழியில் அண்ணன் ஒரு மூங்கில் குச்சியை நட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு வெட்டு. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். ஊருக்குள் நுழையும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன்.

"அங்கதான் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்கு இறங்குவார். மழை முடிந்ததும் சரிவின் மறுபக்கத்தில் சோதனைத் துளை போடுகிறார்களாம்.