பால் காய்ச்சிய டென்ட்

குறட்டை விடுகிறவர்களுக்குத் தங்கள் குறட்டை கேட்பதில்லை. எனக்கும் கேட்டதில்லை. ஏற்காட்டில்தான் விஷயம் தெரிய வந்தது.

புரட்டாசி மாதம், காலாண்டு விடுமுறை. சனிக்கிழமைதான், பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் எங்கள் பஸ் நகராமல் நின்றது நினைவிருப்பதால் கிழமையில் சந்தேகமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் நடைக்குழு, அன்றுதான் முதல் தடவையாக வெளியே ராத்தங்கியது. ஒரே டென்ட், நால்வரும் உள்ளே. விடிந்ததும் நான் நன்றாகத் தூங்கி எழுந்து பார்த்தால், மற்ற மூவரும் ஒரு பாறைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சூரியோதயம் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்திரிச்சுட்டீங்களா டீச்சர்?" என்றார் குழுத் தலைவியான கணக்கு டீச்சர். "அப்ப இனி நாங்க போய்த் தூங்கறோம்."

அடுத்தது அரையாண்டு விடுமுறையில் கொல்லிமலை. சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து நடந்து ஏறி, மேலே தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்தில் தங்கல். என்னைச் சேர்த்துக்கொள்ளக் கணக்கு டீச்சர் இரண்டு நிபந்தனை போட்டார். எனக்குத் தனி டென்ட் வேண்டும். அதை நானே சுமக்க வேண்டும்.

"உங்க மேல பிரியம் இல்லாம இல்லைங்க டீச்சர். பிரியத்துலதான் சொல்றோம்."

என்னால் முடியாவிட்டால் டிராயிங் டீச்சர் வரத் தயாராக இருக்கிறார் என்பதையும் பிரியத்தில்தான் சொன்னார். கல்யாணம், காதுகுத்து, பெரிய காரியம் தவிர வேறெதற்கும் ஊர் தாண்டாத எனக்கு, காரணமே இல்லாமல் வெளியே போகக் கிடைத்த ஒரே கூட்டம் அது. அதை ஒரு டென்டுக்காக டிராயிங் டீச்சருக்குத் தாரை வார்க்க முடியாது.

நான் சரித்திரம் எடுக்கிறவள். எதை வாங்கினாலும் அதன் பூர்வோத்தரம் படிக்காமல் வாங்குவதில்லை. ஐப்பசி முழுக்க டென்ட் பற்றிப் படித்தேன். முதலில் புரிந்தது, எடை குறையக் குறைய விலை ஏறுகிறது என்பது. மற்ற கடைகளில் நிறுத்துக் காசு வாங்குவார்கள். இங்கே நிறுக்க ஒன்றும் இல்லாததற்குக் காசு வாங்குகிறார்கள். முக்கால் கிலோ டென்ட் முகூர்த்தப் பட்டு விலை. மூன்று கிலோ டென்ட் சாதாரண நூல் சேலை விலை. நான் நடுத்தர விலை இளம்பிள்ளைப் பட்டுக்கு மேல் போக முடியாது. தம்பி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வைத்திருந்ததுதான் கையிருப்பு.

அபிப்பிராயம் எழுதியிருந்தவர்கள் பெரும்பாலும் பனி கொட்டும் தேசத்துக்காரர்கள். 'மூன்று பருவத்துக்கு ஏற்றது' என்று எழுதுகிறார்கள். எங்கள் நாமக்கல்லில் வெயில், கொஞ்சம் குறைந்த வெயில், ஐப்பசி என்று மூன்று பருவம் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஒருவர் கரடி வந்தால் என்ன செய்வது என்று விளக்கியிருந்தார். கொல்லிமலையில் கரடி உண்டு என்பதால் அந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டினேன்.

கைத்தடியையே நட்டுக் கம்பமாக்கிக்கொள்ளும் வகை ஒன்று மிக இலேசாக இருந்தது. ஆனால் அதற்கு முளை இறங்குகிற மண் வேண்டும். மேலே எங்களுக்கு மண் கிடைக்குமோ பாறை கிடைக்குமோ தெரியாது. கம்பியை வளைத்து மாட்டினால் தானாக நிற்கும் வகை கொஞ்சம் கனம், எங்கேயும் நிற்கும். உள்ளே வலை, வெளியே மழைத்துணி என்று இரண்டடுக்கு. ஒற்றை அடுக்காக இருந்தால் நம் மூச்சே ஈரமாகி விடியற்காலையில் நம் மூக்கில் சொட்டுமாம். என் மூச்சின் வேகத்தைக் கேள்விப்பட்ட பிறகு இரண்டடுக்கே என்று முடிவு செய்தேன்.

எடை ஒன்றரை கிலோ. தாங்குமா என்று பார்க்க, அந்த எடைக்கு உளுந்துப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். என் மாமியார் கீழே நின்று பார்த்தார்.

"ஏஞ்சாமி, அந்த உளுந்த எதுக்குக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போற?"

டென்ட் வந்து சேர்ந்தது கார்த்திகை தீபம் கழிந்த வாரம். வாசலில் விரித்து நிறுத்தினேன். என் கணவர் லாரி வைத்திருக்கிறவர். துணி என்றால் அவருக்குத் தார்ப்பாய்தான். ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அம்மிணி, இது கொசுவலையாட்டம் இருக்குது. மழத்துணி எங்க?"

"அதுதானுங்க மழத்துணி."

"நம்ம தார்ப்பாயத் தூக்க ரெண்டாளு வேணும். அதனாலதான் அது மழை தாங்குது. இத எம்பட சட்டப் பாக்கெட்டுல வச்சுக்கலாம்."

ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு வாளி ஊற்றினார்.

மாமியாரின் கவலை வேறு. "எத்தன பேரு படுக்கறது?"

"ஒருத்தர்தானுங்க அத்தை."

"தனிக்குடித்தனம்னாக்கூட ரெண்டு பேரு போவாங்க. நீ ஒருத்தியாவா போற?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, எப்போது என்றார். மார்கழி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மார்கழில எவளாச்சும் புது ஊட்டுக்குக் குடி போவாளா?"

"இது ஊடு இல்லீங்க அம்மா," என்றார் கணவர். "ஊர் ஊராப் போறது. வண்டி மாதிரி."

"வாசப்படி இருக்குது. படுக்க எடம் இருக்குது. ஊடுதான்."

"வாசப்படியா? அது ஜிப்பு. வண்டிலயும்தான் டிரைவர் படுக்கறான். கேபின ஊடுன்னா சொல்றோம்?"

"அப்ப வண்டின்னே வச்சுக்க. மார்கழில புது வண்டி எடுத்திருக்கறயாடா நீ?"

வீடானாலும் வண்டியானாலும் மார்கழி ஆகாது. முதன்முதலாக அதற்குள் படுப்பதை மார்கழியில் வைத்துக்கொண்டால் தான் சாப்பிடப் போவதில்லை என்று மாமியார் அறிவித்தார். சரித்திரத்தில் கூடாரத்துக்குக் கிரகப்பிரவேசம் செய்த படை எதுவும் நானறிந்து இல்லை. ஆனாலும் காலண்டரை எடுத்தேன். கார்த்திகையின் கடைசி முகூர்த்த நாள் அந்த வாரத்திலேயே இருந்தது. அன்று காலை பால் காய்ச்சிவிட்டு நான் உள்ளே போய் ஒரு புரள் புரண்டு வருவது என்று முடிவாயிற்று.

வீடா வண்டியா என்பது தீராததால் இரண்டுக்கும் உரியதைச் செய்தார்கள். வாசலில் செங்கல் கூட்டிப் பால் பொங்கியது. நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம். மழைத்துணியில் சந்தனப் பொட்டு, குங்குமம். அது வரைக்கும் சரி. பிறகு மாமியார் தட்டில் சூடம் ஏற்றினார்.

"அத்தை, தூரமா நின்னு காட்டுங்க. அது நைலானுங்க."

"சாமிக்கு நைலான்னு தெரியுமா, பட்டுன்னு தெரியுமா? உள்ள ஒரு சுத்து காட்டாம எப்படி?"

குனிந்தார். காற்று அடித்தது. டென்ட் ஆசையாக முன்னால் சாய்ந்து சூடத்தை ஒற்றிக்கொண்டது. சத்தம்கூட வரவில்லை. வலையிலும் மழைத்துணியிலுமாக, உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக மாமியாரின் முகம் தெரிந்தது.

"சன்னல் இல்லாம இருந்துச்சு," என்றார்.

நான் அழாத குறை. விற்ற கடைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். காரணம் கேட்டார்கள், அளவு சரியில்லை, நிறம் சரியில்லை, மனம் மாறிவிட்டது என்று தேர்ந்தெடுக்க வரிசையாக இருந்தது. சூடம் இல்லை. கணக்கு டீச்சருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். "அடடா, அப்ப டிராயிங் டீச்சர்கிட்டச் சொல்லட்டுங்களா?" என்றார். "வேண்டாங்க, நான் வாரேன்," என்று வைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்துக் கணவர் கோணி ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்தார். உள்வலைக்கு மாமியார் தம் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மழைத்துணிக்குப் பழைய தார்ப்பாயில் ஒரு சதுரம் வெட்டி, தைத்து, சுற்றிலும் பஞ்சர் ஒட்டும் பசை தடவினார். மறுபடி இரண்டு வாளி. சொட்டவில்லை. இந்தத் தடவை அவருக்குச் சந்தோஷம்.

அந்தத் தார்ப்பாய்த் துண்டில் வெள்ளைப் பெயின்டில் பழைய லாரியின் நம்பர் பாதி இருந்தது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நம்பரு வந்துருச்சு. நீ சொன்னதே சரிடா. வண்டிதான்."

கொல்லிமலையில் மிளகுத் தோட்டத்தின் ஒரு மூலையில் மூவரின் டென்டையும் மறு மூலையில் என்னுடையதையும் நிறுத்தினோம். நடுவில் எத்தனை இடம் விடலாம் என்பதைக் கணக்கு டீச்சரே நின்று பார்த்துச் சொன்னார். போதவில்லை என்று பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். அந்த மார்கழிக் குளிரில் படுத்தவள்தான். வேறு எதுவும் தெரியாது.

விடிந்ததும் ஜிப்பைத் திறக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. மெதுவாகத் தலையை நீட்டினேன். பாறைமேல் யாரும் இல்லை. கணக்கு டீச்சர் அடுப்பருகே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கண் வீக்கம் இல்லை.

"கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"ராத்திரி பூரா ஒரு லாரி மலை ஏறிட்டே இருந்துச்சுங்க டீச்சர். பெரிய லோடு போல, பாவம். அந்தச் சத்தத்துல உங்களுது கேக்கவே இல்ல. நல்லாத் தூங்கிட்டோம்."

நாங்கள் தங்கிய தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு. ரோடு மலைக்கு அந்தப் பக்கம். டீயை வாங்கிக் குடித்தேன்.

"மாசி மாசம் எங்கயாவது போலாங்களா?" என்றார் அவர். "நாலு பேருமாத்தான்."