மாட்டு டாக்டரம்மா கேட்ட கேள்வி

முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கொண்டையில் ஒரு முழம் மல்லி. எங்கள் ஊருக்கு வரும் மாட்டு டாக்டரம்மா அந்தக் கோலத்தில்தான் ஸ்கூட்டரை விட்டு இறங்குவார். இறங்கியதும் மாட்டிடம் போகமாட்டார். வீட்டு ஆட்களின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் என் பசு ஒன்று செத்த கன்றைப் போட்டது. ஒரு மாதத்துக்குள் என் இன்னொரு பசுவும் அப்படியே போட, அவரைக் கூப்பிட்டேன்.

"மொதல் கன்ன வெறுங்கையால எடுத்தது யாரு?"

"என் சம்சாரங்க. விட்டு விட்டு ஜொரம், உள்ள படுத்திருக்கா. மாட்டுக்குத்தானேம்மா கூப்ட்டேன்?"

"எந்த நாட்டு மாட்டு டாக்டரா இருந்தாலும் இதத்தான் கேப்பாங்க. கன்ன எங்க போட்டீங்க?"

"ஏரிக்கரையில."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரு மாடெல்லாம் அங்கதானே தண்ணி குடிக்குது? இந்த ரெண்டாவது கன்னையாச்சும் ஆழமா குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க. இந்த வியாதி மனுஷங்களுக்கும் ஒட்டும். உங்க சம்சாரத்துக்கு நான் மருந்து எழுதக்கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மாட்டு சமாச்சாரத்த மொதல்ல சொல்லுங்க."

பெரியாஸ்பத்திரியில் அப்படியே சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாட்டுக்கு வந்த அதே வியாதிதான்.

"மருந்துல சரியாயிடும். மாட்டப் பத்தி சொல்லணும்னு யாரு சொன்னாங்க?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

வாசல்வரை நின்ற கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "எங்க மாட்டு டாக்டரம்மாங்க!"