எருமை வழியாக வந்த சத்து

போன வாரம் அருப்புக்கோட்டையில் சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தது இரண்டு நிமிஷம். மீதியை உணவு ஆலோசகர் பார்த்துக்கொள்வார் என்று பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் பிளாஸ்டிக் ஆப்பிள். பிளாஸ்டிக் ஆப்பிளை வைத்துக்கொண்டு ஆரோக்கியம் பேசுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

"நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?"

"ரெண்டு இட்லிம்மா."

"மத்தியானம்?"

"சோறு கொஞ்சம். காய் நிறைய."

நான் தின்றது பூரி. மத்தியானம் தலைக்கறிக் குழம்பு. அந்தப் பெண் துளி சந்தேகமும் இல்லாமல் எழுதிக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். என்னுடைய பொய் இத்தனை சுலபமாக ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். தினமும் சாப்பிட்டதை எழுதிவர வேண்டுமாம். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு வெள்ளரிக்காய், ராத்திரி எண்ணெய் விடாத சப்பாத்தி என்று அச்சடித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்து அடியிலும் 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் நின்றேன். காராச்சேவு வாங்கத்தான், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கடைக்காரர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினார். "சத்துமாவு சார். பதினாறு தானியம்." பதினாறையும் எண்ணிக் காட்டச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசம் வந்துவிட்டது. வறுத்த மக்காச்சோளம், வெல்லம், அடியில் லேசாக ஒரு சாக்கு நாற்றம். நாற்பது வருஷம் ஒரே மூச்சில் பின்னால் போய்விட்டது.

அப்போது நான் ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவில் இருந்தேன். பால்வாடிகளுக்கு ஆய்வுக்குப் போகிற வேலை. சத்துமாவு மூட்டை மூட்டையாக வரும். அதில் இத்தனை புரதம், இத்தனை இரும்புச்சத்து என்று போட்டவர்கள் படித்தவர்கள், நல்லவர்களும்கூட. ஏட்டில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். விதி என்னவென்றால், மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து உருட்ட வேண்டும். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். மாவு வெளியே போகக் கூடாது. ஆய்வுக்குப் போகிறவர் ஓர் உருண்டையைத் தின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் கையெழுத்து அளவில் கடைப்பிடித்தேன்.

கம்மங்கூழும் மிளகாய்த் துவையலும் நாக்கில் ஏறிய பிள்ளைகள் அவை. உருண்டையை ஒரு நக்கு நக்கிவிட்டுக் கையிலேயே வைத்திருக்கும். "இனிப்பத் தின்னா வயித்துல பூச்சி வைக்கும்" என்று தாய்மார்கள் வேறு சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆடுகளுக்கு அந்தப் பயம் கிடையாது. எந்த ஊர்ப் பால்வாடியானாலும் பத்தரை மணிக்கு வாசலில் நாலு ஆடு நிற்கும். கடிகாரம் இல்லாத ஊரில் ஆட்டைப் பார்த்து மணி சொல்லலாம். ஆனால் எல்லா அறிக்கையிலும் 'குழந்தைகள் விரும்பி உண்டனர்' என்று இருக்கும். அந்த வாக்கியத்தை எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

திருச்சுழிக்குத் தெற்கே ஓர் ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர்ப் பால்வாடியின் எடை அட்டைகள் மட்டும் எனக்கு உறுத்தின. மற்ற ஊர்களில் பிள்ளைகளின் எடைக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஏறும். உட்கார்ந்த இடத்தில் பென்சிலால் வளர்த்த பிள்ளைகள். இந்த ஊர்க் கோடுகள் கோணல் மாணலாக இருந்தன. அம்மை போட்ட மாசம் இறங்கி, பிறகு மெல்ல ஏறி, மறுபடி கொஞ்சம் சறுக்கி, மறுபடி ஏறி. முத்துமாரி என்று இரண்டரை வயசுப் பிள்ளை சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது, ஏழெட்டு மாசத்தில் தத்தித் தத்திப் பச்சைக்கு வந்திருந்தது. இது சாதாரணக் கள்ளம் இல்லை, நிஜம் போலத் தெரிவதற்காக நடுநடுவே இறக்கிக் காட்டுகிற தேர்ந்த கள்ளம் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

சொல்லாமல் போனேன். வீரசோழன் போகிற பஸ்ஸில் பாதி வழி, மீதி நடை. பையில் ஒரு கிலோ இரும்புப் படிக்கல். எந்த ஊர்த் தராசையும் நம்பாமல் நான் தூக்கிக்கொண்டு அலைந்த கல் அது. ஆபீசில் எனக்குக் கல்லுச்சாமி என்றே பேர்.

வாசலில் ஆடு இல்லை. அதுவே முதல் சந்தேகம். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் பேர் செல்லத்தாய். முப்பது வயசிருக்கும், முழங்கை வரை தீத்தழும்பு. விறகை மூடி எரித்துக் கரி எடுக்கிற கரிமூட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்.

"வாங்க சார். டீ குடிக்கிறீகளா?"

"முதல்ல எடை."

உத்தரத்தில் தொங்கிய தராசில் என் கல்லை மாட்டினேன். முள் சரியாக ஒன்றில் நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகத் துணித் தொட்டியில் தொங்கவிட்டேன். முத்துமாரி கால் இரண்டையும் உதைத்துச் சிரித்தது. அட்டையில் என்னவோ அதுதான் முள்ளிலும். எல்லாமே சரி. எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு இன்னும் கூடுதலாகச் சந்தேகம் வரும். அதற்குள் டீ வந்துவிட்டது. கெட்டிப் பால், ஏடு மிதந்தது. குடித்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் உதட்டின் மேலே வெள்ளை மீசை. எங்கள் பட்டியலில் பால் கிடையாது.

கொல்லைப் பக்கம் போனேன். கருவேல மர நிழலில் ஓர் எருமை. மூக்கு நிறைய மஞ்சள் மாவு.

"டீச்சர், இந்த எருமை எந்தப் பதிவேட்டுல இருக்கு?"

"அது பக்கத்து வீட்டு இருளாயி அக்கா மாடு சார்."

"அரசாங்க மாவத் திங்குது."

"திங்கும் சார். பிள்ளைக திங்கல, அது திங்குது." உள்ளே போய் ஓர் உருண்டையை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க தின்னு பாருங்க. கையெழுத்து மட்டும் மூணு வருசமாப் போடுறீக."

தின்றேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கீழேயும் வராமல் உள்ளேயும் போகாமல் நின்றது. செல்லத்தாய் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"ஆத்தாமாரோட மல்லுக்கட்டிப் பாத்தேன் சார். பூச்சி வைக்கும்ண்டு ஒத்தக்கால்ல நிக்கிறாக. பால வேண்டாங்கறதுக்கு ஒருத்திக்கும் மனசு வரல. அதான், மாவு மாட்டுக்கு, பாலு பிள்ளைகளுக்கு. ஒங்க சத்து எங்கயும் போயிரல சார். எருமை வழியாச் சுத்தி வருது."

"மாவத் திருடுனது பத்தலையாக்கும். ஆபீசரையும்ல கூட்டுச் சேக்கப் பாக்கா" என்று நினைத்துக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருளாயி வேறு கேட்டாள், "ஏன்யா, அது கவருமெண்டு மாவு, தள்ளி நில்லுண்டு மாட்டுக்கு நானா எழுதிப் படிச்சுக் காட்ட முடியும்?" பிள்ளைகள் சிரித்தன. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கிளம்பும்போது செல்லத்தாய் வாசல் வரை வந்தார். குரல் இறங்கிவிட்டது. "சார், இந்த வேலை போச்சுண்டா எனக்கு மறுபடியும் கரிமூட்டந்தான். எழுதுறதா இருந்தா பிள்ளைக எடையவும் சேத்து எழுதுங்க. நீங்களே நிறுத்துப் பாத்தீகல்ல."

"பாப்போம்" என்றேன்.

மாவுக்குப் பதிலாக இருளாயி தருகிற பாலில் செல்லத்தாய் வீட்டுக்கும் ஓர் உழக்கு போகுமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமலே நம்பிக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

முறைகேடு அறிக்கைக்கு ஒரு படிவம் உண்டு. மூட்டை எத்தனை, இருப்பு எத்தனை, வெளியே போனது எத்தனை, யாருக்கு. எல்லாவற்றையும் நிரப்பினேன். எருமைக்கு நிறம் வரைக்கும் எழுதினேன். பிள்ளைகளின் எடைக்கு அதில் கட்டம் இல்லை, எடைக்குத் தனிப் படிவம். கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று இரண்டு வரி இடம் இருந்தது. முத்துமாரியை நிறுத்தேன், சரியாக இருந்தது என்று எழுத இரண்டு வரி தாராளம். அந்தப் பாலில் டீ குடித்ததையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். 'இல்லை' என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு மாசத்தில் செல்லத்தாயை நீக்கிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் விதிப்படி நடந்தார். மறு ஆய்வுக்குப் போனபோது தூரத்திலேயே தெரிந்தது, வாசலில் நாலு ஆடு. அட்டைகளில் கோடுகள் நேராகியிருந்தன. "எடை பாக்கிறீங்களா சார்?" என்று புது டீச்சர் கேட்டார், தராசுப் பக்கம் பார்க்காமலே. முத்துமாரி மூலையில் உருண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. கிட்டே போய்த் தூக்கினேன். எத்தனையோ பிள்ளைகளை நிறுத்த கை இது. அட்டை சொன்ன எடை அந்தப் பிள்ளையிடம் இல்லை என்பதற்குத் தராசு தேவைப்படவில்லை. இறக்கிவிட்டேன். படிக்கல்லைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. 'குழந்தைகள் விரும்பி உண்டனர்.'

சில வருஷம் கழித்துப் பந்தல்குடியில் பஸ் நின்றபோது எதிரே ஒரு லாரிக்குக் கரிமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டி, முகமெல்லாம் கரியாக ஒரு பெண். அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதையும் இறங்கிப் போய்ச் சரிபார்த்தே பழகினவன், அன்றைக்கு ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

இப்போது அந்த ஊரில் பால்வாடிக்கு நல்ல கட்டடம். சுவரில் யானையும் ரயிலும் வரைந்திருக்கிறது. முட்டை போடுகிறார்கள், பிள்ளைகள் தின்கின்றன, எடை செல்போனில் ஏறுகிறது. இருளாயி இல்லை. ஊரில் ஓர் எருமைகூட இல்லை, பால் பாக்கெட்டில் வருகிறது. முத்துமாரி என்ன ஆயிற்று என்று தெரியாது. அந்தக் குடும்பம் பிழைக்கப் போன ஊரைச் சொல்ல ஆள் இல்லை. என் படிக்கல் வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

அந்தக் கோணல் கோட்டு அட்டைகளும் இல்லை. காலம் கடந்த பதிவேடுகளை அழிக்க ஒரு முறை உண்டு. பட்டியல் போட்டு, இரண்டு சாட்சி வைத்து, எரித்து, சான்று எழுத வேண்டும். பட்டியலில் கையெழுத்து என்னுடையது. ஆபீசுக்குப் பின்னால் அவை எரிந்தபோது, டீச்சர்மார் கையிலிருந்து அட்டைகளில் ஒட்டியிருந்த மாவும் சேர்ந்து கருகியது. கடைக்காரர் டப்பாவைத் திறந்தபோது நான் மோந்தது அதைத்தான்.

சான்றிலும் அடியில் அந்தக் கட்டம் இருந்தது. 'இல்லை' என்றே எழுதினேன்.